முடியாது என்று சொல்லும் எஞ்சின்

அரிசி நிறுக்கும் தராசில் அன்று நாங்கள் வால்வு ஸ்பிரிங் நிறுத்துக்கொண்டிருந்தோம். ஊரில் அரிசியே இல்லாதபோது தராசுக்கு வேறென்ன வேலை? ஜப்பானியர்கள் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று புதுப்பெயர் வைத்திருந்த காலம். ரோச்சோர் கால்வாய்க்குப் பக்கத்தில் ராணுவம் பறித்துக்கொண்ட ஒரு மோட்டார் பட்டறை. என்னோடு தராசருகே நின்றவர் அங்கே தலைமை மெக்கானிக். நான் உதிரிபாகக் கிடங்கின் குமாஸ்தா. ஜப்பானிய மொழியைச் சட்டென்று பிடித்துக்கொண்டதால் மொழிபெயர்ப்பாளரும் நானே.

ஸ்பிரிங்கைத் தராசின் நடுவில் நிறுத்துவார். துளைபோடும் மெஷினின் கைப்பிடியை இழுத்து அதன் தலையில் மெல்ல அமுக்குவார். பக்கத்தில் அளவுக்கு வெட்டிய ஒரு மரக்கட்டை நிற்கும். ஸ்பிரிங் அந்தக் கட்டையின் உயரத்துக்குச் சுருங்கியதும், "முள்ளு எங்க நிக்குது பாரு" என்பார். நான் படித்துச் சொல்வேன். சில ஸ்பிரிங்குகள் நெடுநெடுவென்று வளர்ந்து பார்க்க ஜோராக இருக்கும்; அமுக்கினால் ஒன்றுமிருக்காது. அவற்றைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளுவார். "நெட்டையன் எல்லாம் பயில்வானா?"

என் உள்ளங்கையில் ஸ்பிரிங்கின் தொப்பி இருந்தது. ரிடெய்னர் என்பதைத்தான் பட்டறையில் தொப்பி என்றோம். ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து அதை வால்வோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்பு வட்டு. எஞ்சின் ஓடும்போது வால்வும் தொப்பியும் சேர்ந்து குதிக்கும். திறந்த வால்வை நேரத்துக்கு மூடவேண்டியது ஸ்பிரிங்கின் பொறுப்பு. அது தோற்றால் வால்வு மூடாமல் மிதக்கும். எஞ்சின் மூச்சுத் திணறும். வேகம் இரட்டிப்பானால் ஸ்பிரிங் அடக்கவேண்டிய விசை நாலு மடங்காகும். இது போர் மூடிவிட்ட என் பள்ளிக்கூடத்தின் பௌதிக வகுப்பில் படித்த சங்கதி. அப்படியானால் தொப்பி கொஞ்சம் கனத்தாலே போதுமே! 

"அண்ணை, இதைக் கனமாச் செய்து போட்டால் என்ன? வண்டி ஓடும். ஆனால் ஒரு வேகத்துக்கு மேல போகாது. என்ன பிழையெண்டு ஒருத்தருக்கும் விளங்காது!"

அவர் கைப்பிடியை விட்டுவிட்டார். முள் துள்ளிக்கொண்டு திரும்பி ஓடியது.

"முடியாது" என்றார்.

அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எப்போதும் அதுதான். போருக்கு முன்னால் தோட்டத்துத் துரைமார்களும் பணக்காரப் பிள்ளைகளும் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து அவரிடம் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு துரை, இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போடு என்றாராம். "முடியாது. ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியா இருந்தா, வால்வைத் தள்ளித் தொறக்கற கேம்ஷாஃப்டைத் தின்னுடும். தொளதொளன்னு இருந்தா வால்வு மிதக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அது எங்கன்னு நாந்தான் சொல்வேன், நீங்க இல்ல." துரை வண்டியை எடுத்துக்கொண்டு போய், கேம்ஷாஃப்ட் தேய்ந்து, திரும்பி வந்தார். அப்போதும், "இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்க."

அடக்கமானவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டறையிலே வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரே மனிதர் அவர். தலையில் வாசனைத் தைலம் பூசி, வகிடு எடுத்து வாரியிருப்பார். தைலம் கிடைக்காமல் போனதும் செம்பனை எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தார். சிவந்த எண்ணெய் வெயிலில் காதோரம் வழிந்தது. சிராங்கூன் ரோட்டில் நடந்தால் ரிக்‌ஷாக்கள் தனக்காக ஒதுங்குகின்றன என்று உறுதியாக நம்பினார்.

அவருக்குப் பெண் பார்க்கப் போன கதையை அவரே சொல்லுவார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பெண்ணைப் பார்த்து, "உனக்கு இஷ்டமா?" என்று கேட்டாராம். அந்தப் பெண் எல்லார் முன்னாலும் "இல்லை" என்றதாம். "என்ன தைரியம்! இவளைத்தான் கட்டுவேன்னு நின்னேன். திரும்பக் கேட்டேன். திரும்பவும் இல்லைன்னுட்டா." சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவரை ஜப்பானிய அதிகாரிக்கு முன்னால் நிறுத்தி, நடுவில் என்னை நிறுத்தினார்கள். நானோ யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண். எதற்கும் "ஓம்" என்று சொல்லி வளர்ந்த வாய்.

அதிகாரி கட்டளையிடுவார். நான் தமிழில் சொல்வேன். மெக்கானிக் இடுப்பை வளைத்து, தலை தாழ்த்தி, முகத்தில் அவ்வளவு பணிவை வைத்துக்கொண்டு, "முடியாதுன்னு சொல்லு" என்பார். நான் அதிகாரியிடம், "ஹை! தங்கள் ஆணைப்படி நாளைக்குள் நிச்சயம் முடித்துவிடுகிறோம் என்கிறார்" என்பேன்.

ஒருநாள் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, நான் சொன்னது ஒத்தைச் சொல்லு. நீ ஒரு முழத்துக்குப் பேசறியே?"

"மரியாதை சேர்த்தனான் அண்ணை."

"அவனுக்கு எதுக்கு அவ்ளோ மரியாதை? கொறைச்சுக்கோ."

அவர் பேச்சை நான் மாற்றுகிறேன் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சொல்லவேண்டியதைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். விழுங்கினால் அவருக்குச் செரிக்காது.

அந்த அதிகாரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினைப் பூட்டுவதற்கு முன், அதன் உள்ளே போகும் ஒவ்வொரு உறுப்பையும் வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் அடுக்கி வைக்கவேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். கீறல், வெடிப்பு, மணல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வேறொரு பட்டறையில் யாரோ எண்ணெயில் மணலைக் கலந்தார்கள் என்று அங்கே வேலை செய்த எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அதனால்தான் எனக்கு அந்தத் தொப்பி யோசனை அவ்வளவு பிடித்தது. துணியில் வைத்தால் புதுசாக, பளபளவென்று, பழசைவிடத் தடிப்பாக இருக்கும். அதில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

நாங்கள் அப்போது அந்த அதிகாரிக்காகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பச்சைநிற இங்கிலீஷ் கார். கூரை இல்லாதது, நாலு பேர் உட்காரலாம். யாரோ துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில், வால்வுகள் கருகிக் கிடந்ததை இழுத்து வந்திருந்தார்கள். நல்ல ஸ்பிரிங் போட்டால் பறக்கும்.

அன்று தராசடியில், "முடியாது" என்ற பிறகு அவர் சொன்னார்: "நீ சொல்றது நடக்கும். நடக்காதுன்னு சொல்லல. ஆனா மூச்சு முட்டற எஞ்சினை இந்தக் கை செய்யாது. போய்ச் சீட்டு எழுதற வேலையைப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. "பெருமைக்காக அவனுக்கு நல்ல வண்டி செய்து குடுக்கப்போறியள், அப்பிடித்தானே?"

"ஆமா. பெருமைக்குத்தான். வேற எதுக்கு மனுசன் வேலை செய்யறான்?"

அவர் மனம் மாறியதற்கு நான் காரணமில்லை. அதிகாரியின் டிரைவர் காரணம்.

டிரைவர் தஞ்சோங் பகார்த் துறைமுகக் குடியிருப்பிலிருந்து வந்த தமிழர். வம்பு பேசுவதில் ஆர்வம்; ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நாங்கள் பேசும் எல்லாவற்றையும் இவர் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பயமாக இருந்தது. மெக்கானிக்குக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. "துரை மாறினா தொப்பி மாத்தற ஆளு" என்று அவர் காதுபடவே சொல்வார்.

"பச்சைக் காரு எப்ப ரெடியாகும் அண்ணே?" என்று ஒரு மத்தியானம் டிரைவர் வந்து நின்றார். "எங்க ஆளு துடிச்சுக்கிட்டு இருக்காரு. அந்தக் கடத்தல் அரிசி லாரியைப் பிடிக்கணுமாம். எத்தனையோ வாட்டி தொரத்தியாச்சு, கிட்டவே போக முடியலைலா. புக்கிட் தீமா ரோட்டுல பறந்துடறான். பார்த்தா கெழட்டு லாரி, மூக்கு நசுங்கி இருக்கு. சத்தத்தைக் கேட்டா ரேஸ் காரு."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. "மூக்கு நசுங்கியா? எடது பக்கமா?"

"ஆமா, எடது பக்கந்தான். உங்களுக்கு எப்படி…"

"போ, போய் வண்டியைத் தொடை."

டிரைவர் போனதும் என் பக்கம் திரும்பினார். கண்கள் மின்னின. "அது நான் செஞ்ச எஞ்சின். லாரிக்கு யாராச்சும் ரெட்டை ஸ்பிரிங் போடுவாங்களா? நான் போட்டேன். வெளியில ஒண்ணு, உள்ள ஒண்ணு. ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தினா இன்னொண்ணு அந்தப் பக்கம் சுத்தும், அப்பத்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்காது. கிழவன் செத்தாலும் அந்த எஞ்சின் சாகாதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

அந்த லாரியில் வந்த கடத்தல் அரிசிதான் எங்கள் சந்துகளில் குழந்தைகளுக்குக் கஞ்சியாகிக்கொண்டிருந்தது. பிடிபட்டால் ஓட்டுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் முதலில் சொன்னது அதுவல்ல.

"என் எஞ்சினை என் எஞ்சினே தொரத்திப் பிடிக்கறதா? முடியாது! எடு அந்த இரும்பை."

லேத்தில் நின்று அவரே கடைந்தார். தடித்த இரும்புக் கம்பியிலிருந்து ஒவ்வொரு தொப்பியாகப் பிறந்தது. எண்ணெய் தேய்த்து, துடைத்து, எனக்கு முன்னால் வரிசையாக வைத்தார். என்ன அழகு! நான் கிடங்கிலிருந்த தபால் தராசில் ஒன்றை வைத்தேன். எதிர்த்தட்டில் பழைய தொப்பி. பழைய தொப்பி இருந்த தட்டு கீழே இறங்கியது.

"அண்ணை! என்ன செய்து வச்சிருக்கிறியள்? பழசைவிட இது லேசா நிக்குது!"

"இருக்காது."

"நீங்களே பாருங்கோ."

பார்த்தார். காதுவரை சிவந்துபோனார். வருஷக்கணக்கில் பந்தய எஞ்சின்களுக்குத் தொப்பி கடைந்த கை அது. தேவையில்லாத இரும்பைக் கண்டால் சும்மா இருக்காது. ஓரத்தைச் சாய்த்து, அடியைக் குடைந்து, இடுப்பைச் சுருக்கி, நாசவேலைக்கென்று தொடங்கியதை உலகத்திலேயே நல்ல தொப்பியாகச் செய்து முடித்திருந்தது. அவற்றைப் போட்டிருந்தால் கார் லாரியை மட்டுமல்ல, காற்றையே பிடித்திருக்கும்.

நான் சிரித்தே விழுந்தேன்.

"சிரிக்காதே. கை கேக்கல."

"கையிட்டச் சொல்லுங்கோ, முடியாதெண்டு."

முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். அடுத்த தடவை நான் லேத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். உளி தேவைக்குமேல் உள்ளே போகப் போகும்போதெல்லாம், "காணும்! போதும்!" என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். கையை யாரோ வெட்டுவதுபோல முகம். கடைசியில் தட்டு எங்கள் பக்கம் சாய்ந்தது.

வெள்ளைத்துணியின் மேல் அதிகாரி பழைய தொப்பியை ஒரு கையிலும் புதியதை மறுகையிலும் எடுத்தார். விரலால் சுண்டினார். புதியது கணீரென்றது.

"ட்சுயோய்" என்றார் திருப்தியாக.

"பலமா இருக்காம் அண்ணை."

"பலந்தான். தலையில கனத்தை வச்சுக்கிட்டு எவ்ளோ தூரம் ஓடுவான்னு பார்ப்போம்" என்றார் அவர், தலை தாழ்த்தியபடி.

பின்னால் நின்ற டிரைவர் இருமினார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு நாலு பேருமே போனோம். டிரைவரும் அதிகாரியும் முன்னால்; அவரும் நானும் பின்னால். புக்கிட் தீமா ரோடு, பக்கத்தில் கால்வாய், நேரான பாதை. டிரைவர் அழுத்தினார். எஞ்சின் முதலில் சமர்த்தாகப் பாடியது. பாட்டு ஏறியது. இன்னும் ஏறியது. திடீரென்று விக்கல் வந்ததுபோல் படபடபடவென்று உதறியது. கார் அந்த வேகத்திலேயே நின்று தவித்தது. மிதியைத் தரைவரை அழுத்தினாலும் பயனில்லை. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. என் கணக்கு! ரோட்டில், உயிரோடு, என் கணக்கு!

அதிகாரி கையை உயர்த்தினார். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினோம். எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, தானே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் புதுசு, எல்லாம் சரி. நிமிர்ந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். அவர் இந்தத் தடவை குனியவில்லை. வெள்ளைக் கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் நேராக நின்றார்.

"நான் விடலை, அதனால போகலை. அந்த லாரியைச் செஞ்சவனும் நாந்தான், இதைச் செஞ்சவனும் நாந்தான். இவனால அதைப் பிடிக்க முடியாது. சொல்லு."

 நான் ஜப்பானிய மொழிக்குத் தாவினேன். பெட்ரோல் சரியில்லை, ரப்பரிலிருந்து காய்ச்சிய எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள், நல்ல பெட்ரோல் கிடைத்தால் பறக்கும் என்கிறார்.

அதிகாரி என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மெதுவாக டிரைவர் பக்கம் திரும்பினார். இந்த மூன்று பேருக்கும் ஒரே மொழி என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடைந்த மலாயில் கேட்டார்: அவன் சொன்னதைத்தான் இவள் சொன்னாளா?

டிரைவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் துளியும் இல்லை. சொல்லித்தான் பாரேன் என்ற திமிர்தான் இருந்தது. எனக்கு அந்த நிமிடம் அவர் கழுத்தைப் பிடித்துக் குனியவைக்க வேண்டும்போல் இருந்தது.

"பெத்துல், துவான்" என்றார் டிரைவர். உண்மைதான் ஐயா. "மினியாக் பூசோக்." எண்ணெய் கெட்டுப்போனது.

 அதிகாரி மூடியைத் தானே சாத்தினார். உறுப்புகளைப் பலமாகச் செய்திருக்கிறீர்கள், அது நல்லது என்றார். ராணுவப் போலீசின் மோட்டார் சைக்கிள்களையும் நாளைக்கே கொண்டுவரச் சொல்கிறேன், அவற்றுக்கும் இதே மாதிரிப் பலமாகச் செய்யவேண்டும் என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, அதிகாரி இறங்கிப் போன பிறகுதான் டிரைவருக்கு வாய் வந்தது.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், எம் முன்னாடி கொஞ்சம் மெதுவாப் பேசுங்கலா. எனக்குக் காது கேக்குது. பொய் சொல்றப்போ முழங்கால் ஆடுது."

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா?"

"அந்த லாரி கஞ்சியைத்தான் எம் பொண்ணும் குடிக்குது. உங்களுக்காகன்னு நெனைச்சீங்களா?" என்று டிரைவர் சீறினார். "ஒரு நன்றியாச்சும் சொல்லக் கூடாதா?"

"முடியாது" என்றார். ஆனால் தனக்கென்று வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை டிரைவர் கையில் திணித்தார்.

போர் முடிந்து, வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, பழைய துரை ஒருவர் அவரை வேலைக்குக் கூப்பிட்டதும், அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் ஊரறிந்த விஷயம். அதற்குப் பிறகு மலாயாப் பக்கம் போய்விட்டார். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அவர் என்றால், காரைச் சோதித்துவிட்டு வந்த அந்தப் பிற்பகல்தான்.

மோட்டார் சைக்கிள் என்றதுமே அவர் முகம் சுருங்கியது. "கனத் தொப்பி இதுல நடக்காது. பெட்ரோல் டாங்குக்கு அடியில எடமே இல்ல, இடிக்கும். ஸ்பிரிங்கும் தொப்பியும் வெளியில தெரியும், எல்லாரும் பார்ப்பாங்க."

"அப்ப ஸ்பிரிங்கைத்தான் கெடுக்கவேணும்" என்றேன் நான். என் மண்டைக்குள் மறுபடியும் சக்கரம் சுழலத் தொடங்கியிருந்தது. "போல்ட் போட்டு இறுக்கிச் சுருக்கிவச்சுச் சூடாக்கினால்? பலம் குறையும். கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்."

"நெருப்புல வச்சா இரும்புல நீலம் ஏறும். வெள்ளைத்துணியில வச்சதும் காட்டிக் குடுத்துடும்."

"நெருப்பில வேண்டாம். கொதிக்கிற எண்ணெய்க்குள்ள? அதுக்கு அவ்வளவு சூடு ஏறாது."

அவர் என்னைப் பார்த்தார். முதல் முறையாக அந்தச் சொல் வரவில்லை.

"எங்க வீட்டுல அரை டின் செம்பனை எண்ணெய் இருக்கு. கடாயும் இருக்கு" என்றார் டிரைவர், வாயில் ரொட்டியோடு. "வடை சுடற மாதிரியா அண்ணே?"

"வடை மாதிரிதான். போ, ஓடு."

டிரைவர் ஓடினார். மெக்கானிக் கிடங்கிலிருந்து சில ஸ்பிரிங்குகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் போல்ட்டை நுழைத்து, சுருள்கள் ஒன்றையொன்று தொடும்வரை இறுக்கினார். நான் கரியடுப்பை ஊதினேன். எண்ணெய் எவ்வளவு சூடேற வேண்டும், எவ்வளவு நேரம் உள்ளே கிடக்க வேண்டும், எடுத்ததும் ஆறவிடுவதா தண்ணீரில் போடுவதா, இதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை, அவருக்கும் தெரியாது. ஸ்பிரிங்கைப் பலப்படுத்தத்தான் அவர் இதுவரை கற்றிருந்தார்.

"சரியா வருமா தங்கச்சி?"

"தெரியாது அண்ணை. முதல்ல ஒண்டைப் போட்டுப் பார்ப்பம்."

அவர் வெள்ளைக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தினார். டிரைவர் கொண்டுவந்து கடாயில் ஊற்றிய எண்ணெயில் மெல்லிய புகை எழும்பும்வரை காத்திருந்தோம்.